பிட்டுக்கு மா குழைப்பதும் பழைய டட்சனின் காபரேட்டரும்

மாத்தளையில் காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆன பிக்கப், ரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் இழுவை குறைந்து கரும்புகை விடும். உச்சியில் பனிமூட்டத்துக்குள் மெதுவாகப் போகும்போது திடீரென்று அணையும். பத்து நிமிடம் சும்மா நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடும். பிறகு வளைவு வளைவாக இலுக்கும்புரப் பக்கம் இறங்கி, பல்லேகமவில் மிளகோ நெல்லோ ஏற்றுவதற்காகக் கால் மணி நேரம் வெயிலில் நிறுத்தினால், எவ்வளவு சுற்றினாலும் எஞ்சின் பிடிக்காது. மாலையில் திரும்பி வந்து மாத்தளை கராஜில் விட்டால், மெக்கானிக் பாஸுக்கு முன்னால் குறையே இல்லாமல் ஓடிக் காட்டும்.

"காபரேட்டரைக் கழட்டிக் கழுவிடுங்க பாஸ்" என்பார் சாரதி. பாஸும் ஸ்குரூட்ரைவரை எடுப்பார். ஒரே நாளில், ஒரே பாதையில் மூன்று கோளாறு வந்திருக்கிறது. மூன்றுமே காபரேட்டரில்தான் நடக்கின்றன. ஆனால் மூன்றிலும் காபரேட்டர் பழுதாகாமலே இருந்திருக்கவும் கூடும். அவசரப்பட்டு ஸ்குரூவைத் திருகினால், நாலாவதாக ஒரு கோளாறு சேரும்.

பல்லேகம போய் வந்தவர்களுக்கு இந்தப் பாதை தெரியும். நக்கிள்ஸ் மலையின் ஈரமான பக்கத்தில் ஏறி, உலர்ந்த பக்கத்தில் இறங்குகிறது. மாத்தளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரம். ரிவர்ஸ்டன் பக்கம் பாதை ஆயிரம் மீற்றரைத் தாண்டிவிடும். பல்லேகமவோ மாத்தளையை விடத் தாழ்வு. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம இடம்பெயர்ந்து லக்கல புதுநகர் எழும்பிய பிறகு நாவுல வழியாகச் சுற்றி வருவோரும் உண்டு. மலை வழியை விடாதவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டட்சன் 1200 பிக்கப், பிறகு நிசான் சன்னி ட்ரக் என்று பெயர் மாறியது. 1971இல் வந்த வடிவம். 1171 கன சென்ரிமீற்றர் ஏ-12 எஞ்சின், அதன் மேல் இரண்டு வாய் கொண்ட ஹிட்டாச்சி காபரேட்டர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இப்படியான வண்டிகளை எவரும் இரும்புக்கு எடைபோட்டு விற்கவில்லை. தகரம் ஒட்டி, பெயின்ட் அடித்து ஓட்டினார்கள். கம்ப்யூட்டர் இல்லாத வண்டி என்பதால் கையாலும் கண்ணாலும் மூக்காலும் கோளாறு தேடலாம். அதற்கு முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். தெரிந்துகொள்ள அடுக்களைக்குப் போவோம்.

பிட்டுக்கு மா குழைப்பதைப் பாருங்கள். மாவுக்குள் உப்புத் தண்ணீரைக் கொட்டினால் களியாகிவிடும். தெளித்துத் தெளித்து, விரலால் பிசறி, கட்டி விழுந்தால் சுண்டின் விளிம்பால் கொத்தி, உதிரி உதிரியாக எடுக்க வேண்டும். அப்போதுதான் குழலில் ஆவி ஏறும். எஞ்சினுக்கு மா என்பது காற்று, உப்புத் தண்ணீர் என்பது பெற்றோல். பெற்றோல் திரவமாகவே உள்ளே போனால் எரியாது. நுண்ணிய துளியாகச் சிதறி, காற்றோடு பிசறுண்டு, ஆவியாகிப் போனால்தான் பிளக்கின் பொறி பற்றும். முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். பாரம் இழுக்கும்போது கொஞ்சம் ஈரம் கூடலாம், சமதரையில் மெதுவாகப் போகும்போது கொஞ்சம் காயலாம். அந்த எல்லைக்குள்தான் பதம்.

தெளிக்கும் கை எது? காபரேட்டரின் நடுவே குழாய் ஓர் இடத்தில் ஒடுங்கும். ஒடுங்கிய இடத்தில் காற்று வேகம் எடுக்கும். வேகம் எடுத்த இடத்தில் அழுத்தம் குறையும். பக்கத்தில் இருக்கும் பெற்றோல் கிண்ணத்தின் மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தம் இருக்கிறது. அந்த அழுத்த வித்தியாசம் பெற்றோலை ஜெட் வழியாகத் தள்ளி, ஓடும் காற்றில் துளியாகத் தெளிக்கிறது. இத்தாலியரான வெஞ்சூரி 1797இல் எழுதிய இந்த உண்மையை, 1893இல் ஹங்கேரியில் பாங்கியும் சொங்காவும் எஞ்சினுக்குப் பயன்படுத்திக் காப்புரிமை கேட்டார்கள். ஜெர்மனியில் மேபாக்கும் அதே காலத்தில் அதே யோசனையில் இருந்தார். அடிப்படை அன்றிலிருந்து மாறவில்லை.

உப்புத் தண்ணீர்ப் பாத்திரம் கைக்கு எட்டும் உயரத்தில், எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது மிதவை. பெற்றோல் மட்டம் தாழ்ந்தால் மிதவை இறங்கி ஊசி வால்வைத் திறக்கும், ஏறினால் மூடும். வண்டி நின்றபடி ஓடும் ஐடிலுக்குத் தனியாக ஒரு சின்ன வழி, அதற்குத் தனி ஜெட். எக்சலேட்டரைத் திடீரென்று மிதிக்கும்போது மா மட்டும் ஒரேயடியாக வந்து விழும். தண்ணீர் பின்னால்தான் வரும். அந்த ஒரு கணத்தை நிரப்ப, ஒரு சின்னப் பம்ப் பெற்றோலைப் பீச்சும். பெடல் பாதிக்கு மேல் போனால் இரண்டாவது வாய் திறக்கும், வீட்டில் விருந்தாள் கூடினால் இன்னொரு கை உதவிக்கு வருகிற மாதிரி. சோக்கின் வேலை மாவைக் குறைப்பது. குளிர்ந்த எஞ்சினில் பெற்றோலில் பெரும்பகுதி ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே காற்றை அடைத்து, கலவையை வேண்டுமென்றே ஈரமாக்குகிறோம். எஞ்சின் சூடான பிறகும் சோக்கை இழுத்தே வைத்திருப்பது கரும்புகைக்கும் பெற்றோல் செலவுக்கும் முதல் காரணம். டாஷ்போர்டில் குமிழை உள்ளே தள்ளினாலும் கம்பி துருப்பிடித்து, கீழே தகடு பாதி மூடியபடி நிற்கும். ஏர் கிளீனரைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள்.

இனி அறிகுறி. பிட்டு காய்ந்துபோனால் உதிர்ந்து தொண்டையில் அடைக்கும். கலவை காய்ந்தால் எஞ்சின் தயங்கும், ஏற்றத்தில் தும்மும், சில வேளை காபரேட்டர் வழியாகவே நெருப்பைத் துப்பும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளையாக வெந்திருக்கும். களியானால் கரும்புகை, பெற்றோல் நாற்றம், பிளக்கில் கரி. பதமாக இருந்தால் பிளக் இளம் பழுப்பு நிறம். பிளக்கின் நிறத்தை வைத்தே பாதி வழக்கைத் தீர்த்துவிடலாம் என்பது என் எண்ணம்.

மீதிப் பாதிக்குச் சோக் குமிழே சோதனைக் கருவி. ஓடிக்கொண்டிருக்கும்போது கொஞ்சமாக இழுத்துப் பாருங்கள். ஓட்டம் திருந்தினால் கலவை காய்ந்திருக்கிறது. எங்கோ பெற்றோல் போதவில்லை, அல்லது கூடாத வழியில் காற்று நுழைகிறது. இழுத்ததும் இன்னும் மோசமானால் கலவை ஏற்கெனவே ஈரம். ஒரு மாற்றமும் இல்லாவிட்டால் காபரேட்டரை விட்டுவிட்டுத் தீப்பொறிப் பக்கம் போங்கள். டிஸ்ரிபியூட்டரில் பொயின்ட் இடைவெளி அரை மில்லிமீற்றர் அளவில் இருக்கிறதா, கண்டென்சர் செத்துவிட்டதா, பிளக் வயரில் வெடிப்பு உண்டா? இந்த ஊர் மழையில் டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்தாலே எஞ்சின் தும்மும். காபரேட்டரைக் கழுவியதால் சரியானதாக நம்பப்படும் வண்டிகளில் எத்தனை, கழுவி முடிக்கும் நேரத்தில் டிஸ்ரிபியூட்டர் மூடி காய்ந்ததால் சரியானவை என்று யார் கண்டது?

அடுத்தது பெற்றோல். காபரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு, கொயில் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு எஞ்சினைச் சுற்றச் சொல்லுங்கள். பெற்றோல் விட்டுவிட்டுப் பலமாகப் பீச்ச வேண்டும். வடிந்தால் போதாது. பில்டர் அடைத்திருக்கும், அல்லது எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் பம்பின் டயபிரம் கிழிந்திருக்கும். கிழிந்த டயபிரம் பெற்றோலை ஒயிலுக்குள்ளும் விடும். டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். போத்தலைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். பெற்றோல் தண்ணீரை விட லேசானது.

2022 இந்தச் சோதனையை இன்னும் அவசியமாக்கிவிட்டது. அந்த வருடம் யூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று பெற்றோல் நிறுத்தப்பட்டு, பிறகு கியூஆர் அட்டையும் வார அளவும் வந்தபோது, மூலையில் நின்ற வண்டிகள் எத்தனை! கானில் பதுக்கிய பெற்றோல் எவ்வளவு! பெற்றோல் மாதக்கணக்கில் நின்றால் லேசான பகுதி பறந்துவிடும். எஞ்சியது வார்னிஷ் மணத்தோடு பிசினாகி, கிண்ணத்தின் அடியிலும் ஜெட்டின் துளையிலும் ஒட்டும். அப்போது தொடங்கிய இருமலை இன்றுவரை சுமக்கும் வண்டிகள் உண்டு. தாங்கியின் அடியில் இருக்கும் துருவையும் சேற்றையும் அகற்றாமல் காபரேட்டரை மட்டும் கழுவினால், அடுத்த பயணத்திலேயே அது திரும்ப வரும்.

தாங்கி மூடியையும் மறக்காதீர்கள். மூடியில் காற்று நுழைய ஒரு சிறு வழி இருக்கும். அது அடைத்தால் பெற்றோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, கொஞ்சத் தூரம் நன்றாக ஓடிய வண்டி பட்டினியால் நிற்கும். மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று இழுக்கும். மறுபடி ஓடும். செலவில்லாத வைத்தியம்.

கூடாத வழியில் நுழையும் காற்று இன்னொரு திருடன். காபரேட்டருக்கும் மனிபோல்டுக்கும் இடையிலுள்ள காஸ்கட், வெடித்த ரப்பர் ஹோஸ், தேய்ந்த திரொட்டில் தண்டு இவைதான் வாசல்கள். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, டிஸ்ரிபியூட்டரில் படாமல், ஒவ்வோர் இணைப்பிலும் தண்ணீரைப் பூவாகத் தெளியுங்கள். எந்த இடத்தில் சத்தம் மாறுகிறதோ அங்கே ஓட்டை. இதற்குப் பெற்றோலைத் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். சூடான எக்சோஸ்டுக்கு ஒரு சாண் தள்ளிச் செய்யும் வேலையா அது?

இவ்வளவும் சரி என்றால் மட்டும் காபரேட்டருக்கு வருவோம். ஹிட்டாச்சியின் கிண்ணத்தில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரமும் அதில் மட்டக் குறியும் உண்டு. சமதரையில் வைத்துப் பார்த்தால் பெற்றோல் அந்தக் குறியோடு நிற்க வேண்டும். பலர் வருடக்கணக்கில் வண்டி வைத்திருந்தும் அந்தக் கண்ணாடியின் அழுக்கைத் துடைத்ததில்லை. மட்டம் மேலே என்றால் ஊசி வால்வு தேய்ந்திருக்கும், அல்லது மிதவைக்குள் பெற்றோல் புகுந்திருக்கும். மிதவையைக் காதருகே குலுக்குங்கள், உள்ளே ஏதாவது சலசலத்தால் அது ஓட்டை. பித்தளை மிதவையைச் சுடுநீரில் அமிழ்த்தினால் குமிழி கிளம்பும் இடமும் தெரியும்.

இப்போது மலைக்கு வருவோம். அடுக்களையில் மாவைச் சுண்டால் அளக்கிறோம், தராசில் நிறுப்பதில்லை. அரித்துப் பொலபொலவென்று நிற்கும் மா ஒரு சுண்டும், அமுக்கிய மா ஒரு சுண்டும் எடையில் ஒன்றல்ல. பழகிய அளவுத் தண்ணீரை அரித்த மாவுக்குத் தெளித்தால் களியாகும். காபரேட்டரும் காற்றை நிறுக்கத் தெரியாத கருவிதான். ஆயிரம் மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. பெற்றோல் அந்த அளவுக்குக் குறையாது. எனவே ரிவர்ஸ்டன் ஏற ஏறக் கலவை ஈரமாகிறது, இழுவை குறைகிறது, புகை கறுக்கிறது. மாத்தளையிலேயே சற்று ஈரமாக ஓடிய வண்டிக்கு இது நன்றாகவே வெளித்தெரியும். இதற்காகச் சின்ன ஜெட் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் உடன்படமாட்டேன். ரிவர்ஸ்டனுக்குப் பதமான ஜெட், பல்லேகமவின் அடர்ந்த சூடான காற்றில் காய்ந்த கலவையைத் தரும். பாரத்தோடு திரும்ப மலை ஏறும்போது வால்வும் பிஸ்டனும் வெந்துபோகும். ஒரு மணி நேரப் புகையைச் சகித்துக்கொண்டு, ஒரு கியர் குறைத்து ஏறுவதே லாபம். நல்ல சரிவில் கிண்ணத்துக்குள் பெற்றோலும் சாய்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். மட்டம் ஏற்கெனவே பிழை என்றால் கூர் வளைவில் எஞ்சின் திணறுவது அதனால்தான்.

உச்சியில் பனிமூட்டத்துக்குள் அணைவது வேறு கதை. பெற்றோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும். காபரேட்டருக்குள் வெப்பநிலை இருபது பாகையும் அதற்கு மேலும் விழக்கூடும். வெளியே பதினைந்து பாகை, காற்று முழுக்க ஈரம் என்றால், திரொட்டில் தகட்டின் ஓரத்தில் பனிக்கட்டி படியும். ஆம், இலங்கையில்தான். ஐடில் வழி அடைபட்டு எஞ்சின் அணையும். நிறுத்தி வைத்த பத்து நிமிடத்தில் எஞ்சின் சூட்டில் பனி உருகி ஓடிவிடும். பாஸ் வந்து திறக்கும்போது தடயமே இராது. இதைத் தடுக்கத்தான் எக்சோஸ்டின் சூட்டை மனிபோல்டுக்கும் ஏர் கிளீனருக்கும் கொண்டுவரும் ஏற்பாடு அந்தக் கால எஞ்சின்களில் இருந்தது. ஏர் கிளீனரின் மூக்கிலிருந்து எக்சோஸ்ட் பக்கம் போகும் அந்த நெளிகுழாயைத் தேவையற்றது என்று கழற்றி எறிந்திருந்தால், கிடைத்தால் திரும்பப் பூட்டுங்கள்.

பல்லேகம வெயிலில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஓடும்போது காற்றும் புதுப் பெற்றோலும் காபரேட்டரைக் குளிர வைக்கின்றன. நிறுத்தியதும் அடியிலுள்ள மனிபோல்டின் சூடு மேலே ஏறி, கிண்ணத்திலுள்ள பெற்றோலைக் கொதிக்க வைக்கும். அது பொங்கி உள்ளே வடிந்து, மா முழுக்கக் களியாகிவிடும். அந்த நேரத்தில் எக்சலேட்டரைப் படபடவென்று மிதித்தால் பம்ப் இன்னும் பெற்றோலைப் பீச்சும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: பெடலை முழுக்க மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். காற்று நிறையப் புகுந்து ஈரம் காயும், எஞ்சின் பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் இப்படியே என்றால், காபரேட்டருக்கும் மனிபோல்டுக்கும் நடுவில் சூடு கடத்தாத பேக்கலைட் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். காஸ்கட் மாற்றும்போது அதை விட்டுவிடுவதும் உடைந்ததையே திரும்ப வைப்பதும் கராஜ்களில் நடக்கிறது.

கழுவும் வேலை பற்றிச் சுருக்கமாக. ஜெட் பித்தளை, பிரதான ஜெட்டின் துளை ஒரு மில்லிமீற்றருக்கு அண்மை. இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெருத்து, அது வேறு ஜெட் ஆகிவிடும். ஈர்க்கு விட்டால் உள்ளேயே முறியும். கிளீனரில் ஊறவைத்து, கம்ப்ரெஸர் காற்றால் ஊதினால் போதும். காஸ்கட் கிட் கையில் வரும்வரை காபரேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம், பழைய காஸ்கட் திரும்ப ஒட்டாது.

கடைசியில் கலவை ஸ்குரூ. எல்லாரும் முதலில் திருகுவது இதைத்தான். அது ஐடிலுக்கு மட்டுமே உரியது. ஏற்றத்தில் இழுக்காத வண்டிக்கு அதைத் திருகிப் பயனில்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, இப்போதிருக்கும் இடத்திலிருந்து எத்தனை சுற்றில் மெதுவாக அடியில் முட்டுகிறது என்று எண்ணி எழுதிவைத்துக்கொண்டு தொடங்குங்கள். இறுக்கினால் கூர்முனை சிதையும். வெளியே திருகிக்கொண்டே வந்து, எஞ்சின் வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் நிறுத்தி, ஐடில் வேகத்தை மற்ற ஸ்குரூவால் குறையுங்கள்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஸ்டார்ட் ஆகாத வண்டியின் ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, ஒருவர் காபரேட்டரின் வாய்க்குள் பெற்றோல் ஊற்ற, இன்னொருவர் சாவியைத் திருப்பும் காட்சி நம் பாதையோரங்களில் சாதாரணம். கலவை காய்ந்த எஞ்சின் நெருப்பைத் துப்பும் என்று மேலே சொன்னேன். அது துப்புவது அந்த வாய் வழியாகத்தான், ஊற்றுபவரின் முகமும் கையிலுள்ள போத்தலும் அதற்கு நேர் மேலே. ரிவர்ஸ்டன் பாதையில் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரி போக நெடுந்தூரம் இறங்க வேண்டும். போத்தலைக் கீழே வையுங்கள். எஞ்சின் ஆற விட்டு, தாங்கி மூடியையும் பில்டரையும் பிளக்கையும் பாருங்கள்.